புரட்டாசியில் கைப்பேசிக்கும் விரதம்

அம்மாவின் மாத்திரைகள் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தன. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றின் மேலும் அம்மாவின் பெயர், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று ஒட்டியிருந்தது. ஒரு பையைக்கூடப் பிரித்திருக்கவில்லை. 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரப்பான் பூச்சி ஓடுகிறதே என்று டின்னை நகர்த்தியபோதுதான் பார்த்தேன்.

“ஏம்மா, மாத்திரையெல்லாம் அப்படியே கெடக்கு?”

அம்மா எதையும் மறைக்கவில்லை. “நீதானே போட்ட? அந்த மாத்திரை கிட்னியை அரிச்சிடும்னு ஒரு டாக்டர் பேசினாரே. நீ போட்டதுன்னுதான் நம்பினேன்.”

அப்படி ஒன்றைப் போட்ட நினைவே எனக்கு இல்லை. எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் தள்ளித் தள்ளித் தேடினேன். ஏப்ரல் மாதம், மதியம் 12.50-க்கு நான்தான் அனுப்பியிருந்தேன். நான்கு நிமிடக் குரல் பதிவு. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறி வந்த பதிவுக்குப் புலனமே போடும் அடையாளம் அது. வேலையிடத்தில் சாப்பிட்டுக்கொண்டே முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவுக்கு உதவுமே என்று தட்டிவிட்டிருக்கிறேன். பேசியவர் யார், எந்த ஊர், உண்மையிலேயே டாக்டரா, எதுவும் தெரியாது. அம்மா அதை என் மகனிடம் கொடுத்து, முழுவதையும் இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மாத்திரைக்குப் பதில் பாகற்காய்ச் சாறு.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, எண் வாங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக லிட்டருக்கு 7, 8 மில்லிமோல் என்று இருக்கும் இரத்தச் சர்க்கரை அளவு அன்று 18. டாக்டர் சின்னப் பெண். கோபித்துக்கொள்ளவில்லை. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையைக் குறைப்போம், சிலருக்கு நிறுத்தியும் விடுவோம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். “உங்கள் அம்மாவின் சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கெடுப்பது மாத்திரை இல்லை, கட்டுப்படாத சர்க்கரைதான்.” அவர் சொன்ன ‘இருந்தது’ என்ற சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது அம்மா காரிலேயே தூங்கிவிட்டார். சிவப்பு விளக்கில் நின்றேன். மடியில் கைப்பேசி அதிர்ந்தது. என் கை அதை எடுத்துத் திறந்து, யாரோ போட்ட சமையல் காணொலியைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அம்மாவின் இரத்தத்தில் 18 என்று கேட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

எங்கள் ஊர் மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங். பெர்ணம் ஆற்றங்கரை ஊர். கீழ்ப் பேராக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரம்தான், தெலுக் இந்தான் பக்கம் போனாலும் சரி, பாகான் டத்தோ பக்கம் போனாலும் சரி. முன்பு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளான நாங்கள் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறோம், ஆனால் பிழைப்பு இன்னும் தோட்டத்தைச் சுற்றித்தான். நான் ஒரு செம்பனை ஆலையில் நிறுவை கிராணி. குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, பழத்தைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. எடையைக் கணினியே எடுத்துக்கொள்ளும். எந்த லோரி, யாருடைய பழம் என்று சரியாகப் பதிவது என் வேலை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் மதியத்துக்கு மேல் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். இடையிடையே பத்து நிமிடம், இருபது நிமிடம் சும்மா இருக்க நேரம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடங்களைத்தான் நான் கைப்பேசிக்குக் கொடுத்தேன். பிறகு அது லோரி நிற்கும் நேரத்தையும் கேட்டது.

தொடங்கியது கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில். 2020 மார்ச் 18. அப்போது செய்தி உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு, சாலைத் தடுப்பு எங்கே, கோயில் எப்போது திறக்கும் என்று ஆளாளுக்குக் குழு ஆரம்பித்தார்கள். ஆணை முடிந்தது, குழுக்கள் முடியவில்லை. பழைய தோட்டத்துக்காரர்கள் குழு, கோயில் குழு, மகனின் வகுப்புக் குழு, மலிவு விற்பனைக் குழு, ராசிபலன் குழு என்று 43 குழுக்களில் இருந்தேன். எண்ணிப் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது.

2022 பொதுத் தேர்தல் வந்தது. நவம்பர் 19-ஆம் தேதி வாக்களித்தோம். எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 24-ஆம் தேதி மாலை அன்வார் இப்ராஹிம் பத்தாவது பிரதமராகப் பதவியேற்கும்வரை ஐந்து நாள் நாடே காத்திருந்தது. அந்த ஐந்து நாளும் நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யார் யாரோடு சேர்கிறார், யார் அரண்மனைக்குப் போகிறார், யார் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு கதை வரும், அடுத்த மணி நேரத்தில் அதற்கு மறுப்பு வரும். ஐந்து நாளில் நான் படித்ததில் பாதிக்கு மேல் நடக்காத விஷயங்கள். 24-ஆம் தேதி மாலை ஒரு வரியில் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதற்கு ஐந்து நாளைக் கொடுத்திருந்தேன்.

கொடுத்தது நான் மட்டும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் என் ஜன்னலுக்கு வந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், ஆறு ஏக்கரில் சொந்தமாகச் செம்பனை வைத்திருப்பவர். கையில் பள்ளிக்கூடத்துப் பயிற்சிப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் தேதி, லோரி எண், எத்தனை குலை, எத்தனை டன் என்று நான்கு கோடு போட்டு எழுதியிருந்தார். நவம்பர் 23-இல் விரலை வைத்து, “இந்த லோடு மட்டும் கணக்குல வரலையே, தாயி. கொஞ்சம் பாரும்மா” என்றார். பார்த்தேன். 2.3 டன். பெயர்ப் பட்டியலில் அவர் பெயருக்கு அடுத்த வரியைத் தட்டியிருக்கிறேன். பழம் முழுவதும் வேறு ஒருவர் கணக்கில் போய்விட்டது. 23-ஆம் தேதி மதியம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பணம் திருத்தி வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் அவர் உரத்தைக் கடனுக்கு வாங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அன்று மன்னிப்புக் கேட்டேன், வருந்தினேன், ஒரு வாரம் ஒழுங்காக இருந்தேன், பிறகு பழையபடி ஆகிவிட்டேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன். வருத்தம் மட்டும் போதாது. எனக்குப் போதவில்லை. அம்மாவின் மாத்திரைப் பைகள்வரை போனேன்.

ஏன் விட முடியவில்லை என்று யோசித்தபோது பெரியப்பாவின் நினைவு வந்தது. பெரியப்பா நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர். புதன், சனி, ஞாயிறு மாலையானால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. வருடத்தில் இரண்டு தடவை ஆறுதல் பரிசு விழும். அந்த இரண்டு தடவைக்காக மற்ற எல்லா நாளும் எடுப்பார். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைத்தான் காட்டினார். ஒவ்வொரு தடவை தட்டும்போதும் தீனி விழுந்தால், தீனி நின்றதும் அது சீக்கிரம் தட்டுவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் விழுந்தால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். நூறு பதிவில் ஒன்று நமக்கு வேண்டியதாக இருக்கிறது. எந்த ஒன்று என்று தெரியாததால்தான் நூறையும் தள்ளுகிறோம். என் மனம் பலவீனம் என்று அதுவரை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு, தட்டும் பலகையைக் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி என்று பார்த்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து, ஒரே ஒரு தமிழ் நேசன் வரும். அப்பா வாங்குவார். சாயங்காலம் ஐந்தடியில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். படிக்கத் தெரியாதவர்களும் தெரிந்தவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் யாராவது “அதை இன்னொரு தரம் படிங்க” என்பார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் அப்பா மடித்து வைத்துவிடுவார். செய்தி முடிந்தது, இனி குளிக்கலாம், சாப்பிடலாம். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றுபோனது. அப்பா அதைப் பார்க்க இல்லை. கைப்பேசித் திரைக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த முறையை 2006-இல் உருவாக்கிய அசா ரஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்தார். செய்தி கெட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரு நேரமும் ஒரு கடைசிப் பக்கமும் இல்லாமல் போனதுதான் என்னைக் கெடுத்தது.

2023 செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் கவிச்சி கிடையாது. சட்டி பானையைத் தேய்த்துக் கழுவி, வீட்டை அலசி, சனிக்கிழமை தளிகை போடுவோம். எப்படியும் ஒரு மாதம் நாக்கைக் கட்டுகிறோம், கையையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ‘இனிமேல் பார்க்கவே மாட்டேன்’ என்பது சொல்லும்போதே பொய்யாகத் தெரியும். ‘ஐப்பசி பிறக்கும்வரை’ என்பது நம் உடம்புக்குப் பழகிய கணக்கு.

முதல் நாள் இரவு உட்கார்ந்து 43 குழுக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இது போனால் எனக்கு என்ன நட்டம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். 29 குழுக்களுக்கு பதில் இல்லை. அவற்றிலிருந்து வெளியேறினேன். 2022-க்குப் பிறகு புலனத்தில் வெளியேறினால் குழு நிர்வாகிக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும், எல்லாருக்கும் போகாது. ‘கோபமா’ என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதே தைரியம் கொடுத்தது. மிச்சம் 14 குழுக்களின் ஒலியை ‘எப்போதும்’ என்று அடக்கி, கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினேன். படங்களும் காணொலிகளும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். முகநூலையும் டிக்டாக்கையும் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டேன், கணக்கை அழிக்கவில்லை. அழைப்பு மணியைத் தவிர வேறு எந்தச் சத்தமும் வராதபடி செய்தேன். இதற்கெல்லாம் இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரே மூச்சில் செய்துவிடுங்கள். நாளைக்குப் பாதி என்று வைத்தால் நடக்காது.

அடுத்து, அலாரம். காலையில் எழுப்புவது கைப்பேசி என்றால் கண் திறந்ததும் கையில் இருப்பதும் அதுதான். தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் 18 வெள்ளிக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினேன். அந்தக் கோபுரமே 1885-இல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டி, உச்சியில் கடிகாரம் வைத்ததுதான். சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கி அந்தக் கடிகாரத்தைக் காட்டித்தான் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கைப்பேசிக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்கினேன். முன் அறைக் கண்ணாடி அலமாரி. மின்னேற்றும் கம்பியும் அங்கேதான். படுக்கையறைக்கு வராது. வேலையிடத்தில் என் கைப்பைக்குள், பை இரும்புப் பெட்டிக்குள். மதியம் 12.45 முதல் 1.05 வரை, இரவு 7.30 முதல் 8 வரை திறந்து பார்ப்பேன். மணி அடித்தால் மட்டும் எந்த நேரமும் எடுப்பேன்.

முதல் வாரம் கஷ்டம்தான். என் கை போவதை நானே பார்ப்பதற்காக ஒரு 555 புத்தகம் வாங்கினேன். கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம். பையின் பக்கம் கை போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. முதல் நாள் 61 கோடு. எட்டு மணி நேரத்தில். எழுதி வைத்திருக்காவிட்டால் பத்து, பதினைந்து தடவை இருக்கும் என்றுதான் யாரிடமும் சொல்லியிருப்பேன். இரண்டாம் நாள் 58. நான்காம் நாள் தலைவலி, எரிச்சல், மகன் மேல் காரணமில்லாமல் பாய்ச்சல். மூன்றாவது வாரத்தில்தான் பத்துக்குக் கீழே வந்தது. சும்மா இருக்கும் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், நிறுவை ஜன்னலிலிருந்து லோரிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தத் தோட்டத்துக் குலையில் உதிரிப் பழம் நிறைய வருகிறது, எது காயாக வருகிறது, எந்த ஓட்டுநர் காலையில் சாப்பிடாமல் வருகிறார். பதினான்கு வருடம் அதே ஜன்னலில் உட்கார்ந்தவள் நான். ஓட்டுநர்களின் பெயர் பாதிப் பேருக்கு அந்த மாதம்தான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் ஒரு தப்பு நடந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

அம்மாவோடு பக்கத்து நிரையில் பால் வெட்டிய ஓர் அக்கா. அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, “கூட்டாளி” என்பார். அவர் காலமான செய்தி பழைய தோட்டத்துக்காரர்கள் குழுவில் காலை ஒன்பது மணிக்கே வந்திருக்கிறது, படத்தோடு, நல்லடக்க நேரத்தோடு. நான் பார்த்தது இரவு 7.30-க்கு. மதியம் மூன்று மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அம்மா அழவில்லை. எழுந்து போய்ச் சாமி விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விரதத்தை விட்டுவிடலாமா என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். காலையில் வேறு மாதிரி தோன்றியது. ‘அவசரம் என்றால் கூப்பிடுங்கள்’ என்று எல்லாக் குழுவிலும் நான் எழுதித்தான் இருந்தேன். நானே எதையும் முழுதாகப் படிக்காதவள், மற்றவர்கள் படிப்பார்கள் என்று எப்படி நினைத்தேன்? ஓர் ஊரில் நல்லது கெட்டது பரவுவது இரண்டு மூன்று பேர் வழியாகத்தான். எங்கள் ஊரில் கோயில் செயலாளரும், பூ கட்டும் ஓர் அத்தையும். இருவர் வீட்டுக்கும் நேரில் போனேன். “துக்கம் என்றால், ஆஸ்பத்திரி என்றால், எந்த நேரமாக இருந்தாலும் எனக்கு ஒரு மணி அடித்துவிடுங்கள்” என்று கேட்டேன். அத்தை என் எண்ணைச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதிவைத்தார். பள்ளிக் குழுவையும் அன்றே ஒலி வரும்படி மாற்றினேன். அதற்குள் ஒரு நாள் மகன் சீருடை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்த் தனியாக நின்றிருக்கிறான். விரதம் இருக்க நினைப்பவர்கள் இந்த வேலையை முதல் நாளே, கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவே பேச ஆரம்பித்தார். ஐந்தடியில் உட்கார்ந்திருந்தோம். கூட்டாளியைப் பற்றித்தான். விடியற்காலை பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போவார்களாம். பாம்பு பயம், புலி பயம். பக்கத்து நிரையில் ஆள் இருக்கிறாள் என்று தெரிவதற்காகக் கூட்டாளி பாடிக்கொண்டே வெட்டுவாராம். பாட்டு நின்றால் அம்மா கூப்பிடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், ஏறிவிட்டால் பால் சீக்கிரம் நின்றுவிடும்.

அம்மா தன் வலது கையை நீட்டி, காற்றில் உளியை இழுத்துக் காட்டினார். தோளிலிருந்து இல்லை, இடுப்பிலிருந்து வருகிறது அந்த இழுப்பு. உடம்பு முழுவதும் பின்னால் நகர, கை மட்டும் நேராக நிற்கிறது. எழுபத்திரண்டு வயதில் அந்த விரல்கள் நடுங்கவில்லை. “பட்டையை வெத்தலை கனத்துக்குத்தான் சீவணும். ஆழமா போச்சுன்னா மரத்துக்குக் காயம். அந்த எடத்துல பட்டை மறுபடி முண்டும் முடிச்சுமாத்தான் வளரும், அப்புறம் அங்க வெட்டவே முடியாது. ஒருநாள் வெட்டுனா ஒருநாள் வுடணும். செல பேரு காசுக்கு ஆசைப்பட்டு தெனம் வெட்டுவாங்க, மருந்து தடவித் தடவி எடுப்பாங்க. பால் நெறைய வரும். வரும், வரும், ஒருநாள் பட்டை காஞ்சி போயிடும். மரம் பாக்கறதுக்குப் பச்சையாதான் நிக்கும். பால் இருக்காது.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கூட்டாளி வெட்டுன மரம் ஒண்ணுகூட காயலை” என்றார்.

இந்தக் கதையை அம்மா அதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எப்ப சும்மா உக்காந்த?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒட்டுக்கடையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கி வருகிறேன். மக்கள் ஓசையோ மலேசிய நண்பனோ, எது கிடைக்கிறதோ அது. ஐந்தடியில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசிக்கிறேன். அம்மாவுக்கு முதலில் மரண அறிவிப்புப் பக்கம் வேண்டும், பிறகு கோயில் செய்தி, பிறகுதான் அரசியல். சத்தமாக வாசிக்கும்போது ஒரு விஷயம் புரிந்தது. கண்ணால் ஓட்டும்போது புரிந்த மாதிரி இருக்கும் செய்தி, வாய்விட்டுப் படித்தால் எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். “யாரு சொன்னது அது?” என்று அம்மா கேட்பார். பல செய்தியில் யார் சொன்னது என்றே இருக்காது. பத்திரிகையில் வந்தாலும் அதைக் கேட்க வேண்டும் என்பதை அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் கடைசிப் பக்கம் வந்துவிடும். மடித்து வைத்துவிட்டு இரவு மாத்திரையை என் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறேன்.

அந்தப் புரட்டாசி நடுவில்தான், அக்டோபர் 7-ஆம் தேதி, இஸ்ரேலில் அந்தத் தாக்குதலும் தொடர்ந்து காஸாவில் போரும் தொடங்கின. மலேசியாவில் யார் கைப்பேசியைத் திறந்தாலும் அந்தப் படங்கள்தான் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. குழந்தைகள் சாகும்போது பார்க்காமல் இருப்பது கல்நெஞ்சம் இல்லையா என்று எனக்குள் பெரிய போராட்டம். பத்திரிகையில் படித்தேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். படித்துவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். ஒரு நாளைக்கு நூறு படம் பார்த்த காலத்தில் எதற்கும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. ஒன்றை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். எல்லாருக்கும் இது சரி என்று சொல்ல மாட்டேன். எனக்கு, குறைவாகப் பார்த்தபோதுதான் கொஞ்சமாவது உறைத்தது.

ஐப்பசி பிறந்தது. கைப்பேசியை அலமாரியிலிருந்து எடுத்துப் பழையபடி பையில் போட்டுக்கொள்ளலாம். போட்டேன். இரண்டே நாளில் 555 புத்தகத்தில் 40 கோடு. திரும்பவும் அலமாரிக்கு அனுப்பிவிட்டேன். சிலவற்றைத் தளர்த்தினேன். தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் வேலையில் தங்கச்சிமார்களோடு காணொலி அழைப்பு வேண்டும், அதற்குத் தடையில்லை. முகநூலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகனின் கணினியில் பார்க்கிறேன். டிக்டாக் திரும்ப வரவில்லை. மகனுக்குப் பதினைந்து வயது, அவனை நான் கட்டாயப்படுத்தவில்லை. சாப்பிடும் நேரத்தில் மட்டும் அவனுடைய கைப்பேசியும் அலமாரியில் என்னுடையதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது, அதற்கே எனக்குச் சந்தோஷம்.

பகிர்வதில் மட்டும் நான் தளரவே இல்லை. குரல் பதிவு என்றால் கடைசிவரை கேட்காமல் ஒருவருக்கும் அனுப்புவதில்லை. பேசுகிறவரின் பெயரும் இடமும் இல்லாவிட்டால் அனுப்புவதில்லை. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கையாவது தாண்டி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று புலனமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்த ஒன்றையும் நான் அனுப்புவதில்லை. அரசாங்க அறிவிப்பு மாதிரி வருவதை செபெனார்ஞா அகப்பக்கத்தில் பார்க்கிறேன். 2017-லிருந்து பொய்ச் செய்திகளைச் சரிபார்த்துப் போடும் அரசாங்கப் பக்கம் அது, மலாய் தெரிந்தால் போதும். மருந்து, மாத்திரை, மூலிகை பற்றி எது வந்தாலும், நல்லதாகவே தெரிந்தாலும், பகிர்வதில்லை. எழுதி வைத்துக்கொண்டு அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது கேட்கிறேன். அம்மாவும் இப்போது ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறார், டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் எழுதச் சொல்லுவார். அந்த ஆண்டு கார்த்திகையில் எடுத்த சோதனையில் அளவு 9-க்கு இறங்கியிருந்தது. சிறுநீரகமும் பழுதில்லை.

அந்தப் பெரியவர் இப்போதும் மாதம் ஒருமுறை வருவார். பயிற்சிப் புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் என் கணக்கை வாய்விட்டுப் படிக்க, அவர் தன் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போடுவார். தேவையில்லை, கணினியில் எல்லாம் இருக்கிறது என்று ஒரு தடவை மேற்பார்வையாளர் சொன்னார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை இரவு பத்தேகாலுக்கு அலமாரியில் மணி அடித்தது. பூக்கட்டும் அத்தை. பழைய தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தில் இருந்த தாத்தா, சற்று முன்புதான். “நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கிறாங்க. அம்மாகிட்ட சொல்லிடு” என்றார். அம்மாவை எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்துகொண்டு, “இப்பவே போவோமா? ராத்திரி வீட்டுல ஆளு வேணும்” என்றார். மகனை எழுப்பாமல் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். அம்மாவின் இரவு மாத்திரையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். கைப்பேசியைக் காருக்குள் வைத்துவிட்டு இறங்கினேன்.